பார்வை மங்கியோர் காணும் இல்லாத உருவங்கள்: கண் வைத்தியர்களுக்கும் சுகாதார அமைச்சுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கண் வைத்திய நிபுணர்களுக்கும், கண் சிகிச்சைக் கூடங்களில் கடமையாற்றும் தாதிய உத்தியோகத்தர்களுக்கும், சுகாதார அமைச்சின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

கண் கிளினிக்கில் இலக்கத் துண்டைக் கையில் பிடித்தபடி வாங்கில் காத்திருக்கும் முதியவர்களுள் சிலர், உங்களிடம் சொல்லத் துணியாத ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். எவரும் இல்லாத அறையில் அவர்களுக்கு மனிதர்கள் தெரிகிறார்கள். வெறுஞ் சுவரில் செங்கல் வரிகளும் கம்பி வலைகளும் படர்கின்றன. அறிமுகமில்லாத குழந்தைகள் கட்டில் விளிம்பில் வந்து அமர்கிறார்கள். இவையெல்லாம் உண்மையல்ல என்பது அவர்களுள் பெரும்பாலோருக்குத் தெரியும். தெரிந்திருந்தும் வாய் திறப்பதில்லை. நீங்கள் கண் அழுத்தத்தை அளக்கிறீர்கள், எழுத்துப் பலகையைக் காட்டுகிறீர்கள், சொட்டு மருந்தை ஒழுங்காக விடுகிறார்களா என்று விசாரிக்கிறீர்கள். இதை மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. இம்மடலில் நான் வேண்டுவது ஒன்றுதான். பார்வையின் பெரும்பகுதியை இழந்த ஒவ்வொருவரிடமும், அவருடைய சொந்த மொழியில், பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அருகில் இல்லாத ஒரு நிமிடத்தில் இதைக் கேளுங்கள். இன்னும் வராதவர்களிடம், இப்படி வரக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நான் சொல்லவருவது சார்ள்ஸ் பொனே நோய்க்குறியைத்தான் என்பதை நீங்கள் முதல் வரியிலேயே உணர்ந்திருப்பீர்கள். ஆனால் இம்மடலை வாசிக்கப் போகின்ற குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தப் பெயரே புதிது என்பதால், அவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள்.

ஜெனீவா நகரைச் சேர்ந்த இயற்கையியலாளரான சார்ள்ஸ் பொனே, 1760ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் தம்முடைய பாட்டனாரான சார்ள்ஸ் லுலன் என்பவரைப் பற்றி எழுதினார். லுலன் இரு கண்களிலும் கண்புரை சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். பின்னர் பார்வை மீண்டும் மங்கிப்போயிற்று. முதலில் அவருக்குத் தெரிந்தது ஒரு நீலக் கைக்குட்டை. அதன் நான்கு மூலைகளிலும் சிறிய மஞ்சள் வட்டங்கள். கண்ணைத் திருப்பிய பக்கமெல்லாம் அது கூடவே வந்தது. பிறகு அழகாக உடுத்திய ஆண்களும் பெண்களும், பறவைகளும், கட்டடங்களும் தோன்றத் தொடங்கின. தொண்ணூறை நெருங்கிய அந்த வயதிலும் அவருடைய நினைவும் தீர்மானிக்கும் ஆற்றலும் தெளிவாகவே இருந்தன. தாம் காண்பவை கற்பிதமானவை என்பதை அறிந்து, அமைதியாக இருந்து அவற்றை விவரித்திருக்கிறார். இருபதாம் நூற்றாண்டில் அதே நகரின் நரம்பியல் வைத்தியரான ஜோர்ஜ் த மோர்சியே இந்த நிலைக்குப் பொனேயின் பெயரைச் சூட்டினார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலினுடைய 11ஆவது பதிப்பிலும், பார்வை இழப்பினால் விளையும் மாயத்தோற்றங்களுக்குத் தனி இடம் உண்டு. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகம் அறிந்த ஒன்று, கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மட்டக்குளியிலும் இருக்கும் வீடுகளை இன்னும் வந்தடையவில்லை.

இது ஏன் நிகழ்கிறது என்பதை விளக்குவதற்கு நம் நாட்டில் ஒரு வசதி இருக்கிறது. அது துயரமான வசதி. போரில் காலை இழந்த எத்தனையோ பேர் நம்மிடையே வாழ்கிறார்கள். இல்லாத கால் வலிக்கிறது, இல்லாத பாதம் அரிக்கிறது என்று அவர்கள் சொல்லும்போது எவரும் அவர்களைப் பைத்தியம் என்பதில்லை. காலிலிருந்து செய்தி வருவது நின்ற பின்னரும், காலுக்குரிய மூளைப் பகுதி சும்மா இருப்பதில்லை என்பதை நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். கண்ணுக்கும் அதே கதைதான். விழித்திரையிலிருந்து வரவேண்டிய சைகைகள் குறையும்போது, பார்வைக்குரிய மூளைப் பகுதி தானாகவே இயங்கத் தொடங்குகிறது. இலண்டனில் டொமினிக் ஃபிச் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதைக் கண்முன்னே காட்டியது. நோயாளிகள் மாயத்தோற்றங்களைக் கண்டுகொண்டிருந்தபோதே அவர்களுடைய மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். முகங்களைக் கண்டவர்களுக்கு முகங்களை அறிவதற்கென்று உள்ள பகுதியும், வண்ணங்களைக் கண்டவர்களுக்கு வண்ணங்களுக்கான பகுதியும் இயங்கின. அதாவது, இவர்கள் கற்பனை செய்யவில்லை, உண்மையாகவே பார்க்கிறார்கள். பார்க்கப்படும் பொருள்தான் வெளியே இல்லை.

நலமான கண்ணும் நலமான மனமும் உடையவர்களுக்கும்கூட இது நேரும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் நடந்து 2004ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், எந்தக் குறைபாடும் இல்லாத 13 பேரின் கண்களை ஐந்து நாட்களுக்குத் தொடர்ச்சியாகக் கட்டி வைத்தார்கள். அவர்களுள் 10 பேர் இல்லாத காட்சிகளைக் கண்டார்கள். ஐந்தே நாட்களில், கட்டை அவிழ்த்ததும் பார்வை திரும்பும் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கே இந்த நிலையென்றால், குளுக்கோமா எனும் கண் அழுத்த நோயாலும் நீரிழிவு விழித்திரை நோயாலும் விழித்திரையின் நடுப்பகுதி முதுமையில் கெடும் மாகுலாச் சிதைவாலும் பார்வையை ஆண்டுக்கணக்காக இழந்துகொண்டிருக்கும் நம் தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும் இது நேர்வதில் என்ன வியப்பு இருக்கிறது?

என் பெரியம்மா எண்பதைக் கடந்தவர். கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடி வீட்டில் வாழ்கிறார். பள்ளிச் சீருடைகள் தைத்து நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர். ஒரு கண் குளுக்கோமாவில் போய்விட்டது; மற்றதில் மங்கலான ஒரு வட்டம் மிஞ்சியிருக்கிறது. சொட்டு மருந்து விட்டபின் கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் படுத்திருப்பது அவருடைய வழக்கம். அப்படி ஒரு நாள் படுத்திருந்தபோதுதான் என்னிடம் சொன்னார்: "பிள்ளை, ஒருத்தருக்கும் சொல்லாதை. பின்னேரத்தில யன்னலடியில சின்னப் பிள்ளையள் வந்து நிக்குதுகள். சத்தமே இல்லை." நான் மேலும் கேட்டபோது அவர் விவரித்த விதம் என்னைத் திகைக்க வைத்தது. "ஒரு பிள்ளையின்ர சட்டைக் கழுத்தில பைப்பிங் வைச்சுத் தைச்சிருக்கு, நல்ல கையாலை தைச்ச வேலை. என்ர சீலைக் கரை எனக்குத் தெரியேல்லை, அது தெரியுது."

வைத்தியர்களாகிய உங்களுக்கு இந்தக் கடைசி வாக்கியம் எத்தனை பெறுமதியானது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. உண்மைப் பொருள் மங்கலாகவும் இல்லாத பொருள் துல்லியமாகவும் தெரிவது இந்நிலையின் அடையாளங்களுள் ஒன்று. ஓசையின்மை இன்னொன்று. பெரியம்மா காணும் அந்தப் பிள்ளைகள் பேசுவதில்லை, கூப்பிடுவதில்லை, அவர்களிடமிருந்து எந்த மணமும் வருவதில்லை. அவரே தம் கைத்தடியை நீட்டிச் சோதித்துப் பார்த்திருக்கிறார். தடி சுவரில்தான் முட்டியிருக்கிறது. தையற்காரியின் கண்ணோடு உற்றுப் பார்த்து, பொய்யென்று கைத்தடியால் நிறுவி, அதன் பிறகும் பல மாதங்களாக எவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். பார்வை போன துக்கத்தோடு புத்தியும் போகிறதோ என்ற பயத்தையும் சேர்த்துத் தனியாகச் சுமந்திருக்கிறார்.

ஏன் மறைத்தார் என்று கேட்பவர்களுக்கு நம் ஊர்ப் பேச்சே பதில் சொல்லும். வயதானவர் ஒருவர் இல்லாததைக் கண்டதாகச் சொன்னால், "அறளை பேர்ந்திட்டுது", அதாவது வயதால் புத்தி தடுமாறிவிட்டது, என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவார்கள். அந்த முடிவுக்குப் பிறகு அவருடைய வங்கிப் புத்தகம் கைமாறும். வீட்டு விடயங்களில் அவர் சொல்லுக்கு மதிப்பிராது. கொழும்பில் இன்னொரு பயமும் உண்டு. அங்கொடை என்ற ஊரின் பெயரை, அங்கே மனநல வைத்தியசாலை இருக்கும் ஒரே காரணத்துக்காக, தலைமுறைகளாக வசைச்சொல்லாகப் புழங்கிவிட்டோம். அந்த வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகமாக எத்தனையோ பேருக்கு நல்ல சிகிச்சை அளிக்கிறது என்பது வேறு விடயம். எண்பது வயதுத் தாயின் காதில் அந்த ஊர்ப் பெயர் இன்னும் பழைய பொருளில்தான் விழுகிறது.

மூன்றாவது பயம் பேய். இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்நிலையில் தோன்றும் உருவங்கள் எல்லாமே பாவாடை சட்டை அணிந்த சாதுவான பிள்ளைகள் அல்ல. சிலருக்குக் கண்கள் பிதுங்கி, பற்கள் துருத்தி, கோணலாகிப்போன முகங்கள் மிக அருகில் வந்து நிற்கின்றன. நம் வீடுகளில் இப்படியொரு முகத்தைக் கண்டதாகச் சொன்னால் முனி என்பார்கள், செய்வினை என்பார்கள். நூல் கட்டுவார்கள், கழிப்புக் கழிப்பார்கள், ஓதிய தண்ணீர் தெளிப்பார்கள். ஆனால் 2000ஆம் ஆண்டு இலண்டன் ஆய்வாளர்கள் தங்கள் நோயாளிகள் கண்டவற்றை வகைப்படுத்தியபோது, பெரிய கண்களும் துருத்திய பற்களும் கொண்ட கோணல் முகங்கள் அங்கேயும் ஒரு தனித் தொகுதியாகவே வந்தன. நம் முனியையும் தெரியாத, சிங்கள ஊர்களின் யக்கு எனும் பேய் முகமூடியையும் காணாத ஆங்கிலேய மூதாட்டிகளுக்கும் அதே முகங்கள்தான் தெரிந்திருக்கின்றன. முகங்களின் உறுப்புகளைப் பிரித்தறியும் மூளைப் பகுதியின் வேலை அது. இந்த ஒரு செய்தியைக் கோயில் குருக்களும் பள்ளிவாசல் மௌலவியும் பங்குத்தந்தையும் அறிந்திருந்தால், தம்மிடம் அழைத்துவரப்படும் முதியவரைக் கண் வைத்தியரிடமும் அனுப்பிவைப்பார்கள். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. ஆறுதல் தேடிப் போனவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்.

இனி, இம்மடலை எழுதவே என்னைத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். கொழும்பின் கண் கிளினிக்குகளில் தமிழ் மட்டும் பேசும் முதியவர் பெரும்பாலும் யாராவது ஒரு பிள்ளையுடன் வருகிறார். வைத்தியர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேட்கிறார். பிள்ளை தமிழில் மாற்றிச் சொல்கிறது. முதியவர் பதில் சொல்கிறார். பிள்ளை அதைச் சுருக்கித் திருப்பிச் சொல்கிறது. கண் நோகிறதா, நீர் வடிகிறதா என்ற கேள்விகளுக்கு இந்த ஏற்பாடு போதும். ஆனால் எந்தப் பிள்ளையிடமிருந்து ஒரு விடயத்தை மறைக்க வேண்டுமென்று முதியவர் பாடுபடுகிறாரோ, அதே பிள்ளையின் வாய் வழியாகத்தான் அதை வைத்தியரிடம் சொல்ல முடியும் என்றால், அவர் எப்படிச் சொல்வார்? பேரன் முன்னால் எந்தப் பாட்டி சொல்லுவாள்? நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 1996ஆம் ஆண்டு லான்செட் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, பார்வை குன்றியவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இத்தகைய தோற்றங்கள் இருப்பதையும், அவர்களுள் பெரும்பாலோர் தம் வைத்தியரிடம் அதைச் சொல்லவில்லை என்பதையும் காட்டியது. வைத்தியரும் நோயாளியும் ஒரே மொழி பேசும் நாட்டிலேயே இந்த மௌனம் என்றால், இடையில் மகனோ மகளோ நிற்கும் நம் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இது வசதியின்மை மட்டுமன்று, உரிமையும் சார்ந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. அரசியலமைப்பின் நான்காவது அத்தியாயம், நாட்டின் எப்பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்பு கொள்ளும் உரிமையைத் தருகிறது. கண் கிளினிக்கின் வாங்கில் இருந்தபடி அந்த உரிமையைக் கோரி நிற்கும் வலு பார்வையற்ற ஒரு முதியவருக்கு இல்லை. ஆகவே அமைச்சுத்தான் முன்வர வேண்டும். வைத்தியர் எல்லோரும் தமிழ் கற்றுவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. தமிழ் பேசும் ஒரு தாதி, சொட்டு மருந்து விட்டுக் கண்மணி விரியக் காத்திருக்கும் அந்த இடைவேளையில், முதியவரின் அருகில் இருந்து, "அம்மா, அங்கே இல்லாத ஆட்களோ உருவங்களோ உங்களுக்கு எப்போதாவது தெரிவதுண்டா? கண் மங்கினவர்கள் பலருக்கு இப்படித் தெரியும்" என்று கேட்டால் போதும். கேள்வியின் இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள் என்று சிறப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். அது இல்லாமல் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். நாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் நோயாளர்கள் வந்து சேரும் தேசிய கண் வைத்தியசாலையில் இது வழக்கமானால், அங்கே பயிற்சி பெற்றுச் செல்லும் வைத்தியர்களும் தாதியரும் இதைக் கண்டியிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் தொடர்வார்கள்.

கேட்காமல் விடுவதால் என்ன நேர்கிறது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். பெரியம்மா மகனிடமும் சொல்லிவிட்ட பிறகு, மகன் பதற்றப்பட்டு அவரைத் தனியார் சிகிச்சை நிலையமொன்றில் ஒரு வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். மகன் சொன்னதைக் கேட்டு, பெரியம்மாவின் கண்ணைப் பற்றி எதுவும் விசாரிக்காமல், மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரையொன்று எழுதித் தரப்பட்டது. யன்னலடிப் பிள்ளைகள் போகவில்லை. பெரியம்மாதான் பகலெல்லாம் தூங்கி வழிந்தார். ஒரு நாள் குளியலறை வாசலில் விழுந்தும்விட்டார். வேறொரு வைத்தியர் மருந்துகளைப் பார்த்துவிட்டு அந்த மாத்திரையை நிறுத்தினார். பின்னர் ஒரு கண் வைத்தியர், தமக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "அம்மா, பயம் வேண்டாம். கண்ணில பிரச்சினை. மூளை நல்லம்" என்று சொன்னார். அந்த வைத்தியருக்கு இம்மடலின் வழியாக என் நன்றி. பெரியம்மா அன்று வீடு திரும்பியதும் தாமாகக் கேட்டுத் தேநீர் குடித்தார். உருவங்கள் இன்றும் வருகின்றன. ஆனால் அவர் அவற்றைப் பற்றி இப்போது எல்லோர் முன்னிலையிலும் பேசுகிறார்.

மறுபுறத்தையும் சொல்லவேண்டும். இல்லாதது தெரிகிறது என்ற எல்லோருக்கும் கண்தான் காரணம் என்று குடும்பங்கள் நினைத்துவிடக் கூடாது. உருவங்கள் பேசினால், குரல்கள் கேட்டால், மணம் வீசினால், அவை உண்மையென்றே அவர் உறுதியாக நம்பினால், அல்லது நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று நாளும் நேரமும் தெரியாமல் குழம்பினால், அது வேறு நிலை. சிறுநீர்த் தொற்றினாலும் காய்ச்சலினாலும் முதியவர்களுக்குத் திடீர்க் குழப்பம் வரும். சில மருந்துகளாலும் வரும். பார்க்கின்சன் நோயிலும், லூயி உடல் மறதி நோயிலும் மாயத்தோற்றங்கள் உண்டு. பின்னதில், மனநோய்க்கான சில மாத்திரைகள் பெருந்தீங்கு விளைவிக்கக் கூடியவை. ஆகவேதான் இதைப் பிரித்தறியும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைக்கிறோம். "அறளை" என்ற ஒரே பையில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டினால், குணப்படுத்தக்கூடிய தொற்றும் கவனிக்கப்படாமல் போகும், சிகிச்சையே தேவைப்படாத பெரியம்மாவுக்கும் மாத்திரை கொடுக்கப்படும். கண் கிளினிக்குக்கும் மனநலப் பிரிவுக்கும் இடையே, நோயாளியின் கிளினிக் கொப்பியில் எழுதப்படும் இரண்டு வரியாவது பாலமாக அமைய வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு யாராவது இதைச் சொல்லி அழைத்தால், "உங்கள் பார்வை எப்படி இருக்கிறது?" என்ற கேள்வி முதலில் கேட்கப்பட வேண்டும்.

சிகிச்சை இல்லாத ஒன்றைச் சொல்லி ஏன் பயமுறுத்த வேண்டும் என்று சிலர் எண்ணலாம். மரியாதையுடன் மறுக்கிறேன். பிரித்தானியாவில் மாகுலா நோயாளர்களிடம் நடத்தப்பட்டு 2014ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இத்தோற்றங்கள் உடையோருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அவை துன்பம் தருவனவாக இருந்தன. பலருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் நீடித்தன. யாருக்குத் துன்பம் அதிகம் என்று பார்த்தபோது, தொடங்கிய வேளையில் இந்நிலையைப் பற்றி அறியாதிருந்தவர்களும், தமக்கு மனநோய் வந்துவிட்டதென்று எண்ணியவர்களும் அவர்களுள் இருந்தார்கள். முன்கூட்டிச் சொல்லப்படும் செய்தியே இங்கே முதல் மருந்து. அதற்கு மருந்தகத்தில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை; இறக்குமதித் தட்டுப்பாடும் அதைத் தொடாது.

செய்யக்கூடியவை வேறும் உண்டு. கண்புரை இருந்தால் அதை அகற்றுவதே சிலருக்கு இத்தோற்றங்களை நிறுத்திவிடுகிறது. மூக்குக் கண்ணாடியை மாற்றுவதும் உதவக்கூடும். மங்கல் வெளிச்சத்திலும், தனிமையிலும், ஒன்றும் செய்யாமல் இருக்கும் வேளையிலும் அவை அதிகம் வருகின்றன. ஒரே யன்னலுள்ள சிறிய வீடுகளில் மின்கட்டணத்துக்கு அஞ்சிப் பின்னேரம் முழுவதும் மின்குமிழ் போடாமல் இருக்கும் நம் முதியவர்கள், தாம் பயப்படும் நேரத்தைத் தாமே நீட்டிக்கொள்கிறார்கள். மின்குமிழைப் போடுவது, எழுந்து நடப்பது, வானொலியை முடுக்குவது, கண்களைச் சிமிட்டுவது, தலையை அசைக்காமல் கண்களை மட்டும் இடமும் வலமுமாகச் சில தடவை திருப்புவது, உருவத்தை நோக்கிக் கையை நீட்டுவது, இவற்றுள் ஏதோ ஒன்று பலருக்குப் பலன் தருகிறது. பெரியம்மாவுக்கு வானொலி உதவவில்லை. கதிரையை விட்டு எழுந்து குசினிக்குப் போனால் பிள்ளைகள் மறைந்துவிடுகிறார்கள்.

அமைச்சு துண்டுப்பிரசுரம் அச்சடிப்பதை நான் எதிர்க்கவில்லை. மூன்று மொழிகளிலும் அது வரட்டும், பெரிய எழுத்தில் வரட்டும். ஆனால் பார்வை இழந்தவருக்குத் துண்டுப்பிரசுரத்தை நீட்டுவதில் என்ன பயன்? அதை அவருக்கு வாசித்துக் காட்டப் போவதும் அதே மகன்தான். காத்திருக்கும் கூடத்தில் இலக்கங்களைக் கூப்பிடும் ஒலிபெருக்கியிலேயே இரண்டு நிமிடச் செய்தியாகத் தமிழிலும் சிங்களத்திலும் இதை ஒலிபரப்பலாம். எல்லோரும் ஒன்றாக இருந்து கேட்கும்போது, அது தனக்கு மட்டும் நேர்ந்த வெட்கக்கேடு அல்ல என்பது முதியவருக்கும் தெரியும், அருகிலிருக்கும் மகனுக்கும் தெரியும். அதே ஒலிப்பதிவை வட்ஸ்அப்பில் அனுப்பினால் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளும் கேட்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 16ஆம் திகதி இந்நோய்க்குறிக்கான விழிப்புணர்வு நாளாகப் பல நாடுகளில் நினைவுகூரப்படுகிறது. தன் தாய் எஸ்மேக்கு இது நேர்ந்தபோது எங்கும் விளக்கம் கிடைக்காமல் தவித்த ஜூடித் பொட்ஸ் என்ற பெண்மணி பிரித்தானியாவில் தொடங்கிய இயக்கம் இன்று அங்கே கண் வைத்தியசாலைகளுக்குள் நுழைந்திருக்கிறது. இங்கே அதைத் தொடங்க ஒரு மகளை எதிர்பார்த்திருக்க வேண்டாம்; நீங்களே தொடங்கலாம்.

அந்த ஒலிபரப்புக்கு உதவுமென்று, கொழும்பின் எந்த மூலையிலுள்ள முதியவருக்கும் விளங்கக்கூடிய தமிழில் ஒரு வரைவைக் கீழே தருகிறேன். வைத்தியர்கள் திருத்திக்கொள்ளலாம், என் அனுமதி தேவையில்லை. சிங்களத்தில் இதை ஆக்க, அம்மொழியில் தாய் தந்தையருடன் பேசிப் பழகிய ஒருவரை அமர்த்துங்கள்.

"கண் பார்வை குறைந்தவர்கள் தயவுசெய்து கேளுங்கள். பார்வை குறையும்போது சிலருக்கு அங்கே இல்லாத ஆட்கள், குழந்தைகள், மிருகங்கள், பூக்கள், கோலம் போன்ற வடிவங்கள் தெரியலாம். சிலருக்குப் பயங்கரமான முகங்களும் தெரியலாம். அவை பேசமாட்டா, உங்களை ஒன்றும் செய்யமாட்டா. இது பைத்தியம் அல்ல, அறளை அல்ல, பேயும் அல்ல. கண்ணிலிருந்து செய்தி வராதபடியால் மூளை தானாகக் காட்டும் படங்கள் இவை. இப்படித் தெரிந்தால், வெளிச்சத்தைப் போடுங்கள், எழுந்து நடவுங்கள், கண்ணைச் சிமிட்டுங்கள். இன்றைக்கே தாதியிடமோ வைத்தியரிடமோ சொல்லுங்கள். தனியாகச் சொல்ல விரும்பினால் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். குரல் கேட்டாலோ, காய்ச்சலுடன் குழப்பம் வந்தாலோ, தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு வாருங்கள்."

இங்ஙனம்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13இலிருந்து,
பார்வை குறைந்த ஒரு தையற்காரியின் பெறாமகள்